களவாவைப் பிடித்தவளுக்கு

என் கண்ணு ஈஸ்வரி,

கல்யாணத்துக்கு நாள் குறித்ததிலிருந்து இந்தக் குப்பத்தில் உனக்குப் புத்தி சொல்லாதவர்கள் யாரும் பாக்கியில்லை. மாமியார் முன்னால் கால்மேல் கால் போடாதே என்கிறாள் ஒருத்தி. பெங்களூரு குளிரும், இப்போதே ஸ்வெட்டர் வாங்கி வை என்கிறாள் இன்னொருத்தி. பெற்றவள் மட்டும் வாயே திறக்கவில்லை என்று நேற்று நீ என்னைக் கேலி செய்தாய். திருவொற்றியூர் மார்க்கெட்டில் என் வாய்க்குப் பயந்து பக்கத்துக் கடைக்காரி இடத்தையே மாற்றிக்கொண்டாள். அப்படிப்பட்ட வாய்க்கு உன்னிடம் மட்டும் பேச்சு வரமாட்டேன் என்கிறது. ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், நான் அழுதால் நீயும் அழுவாய், இரண்டு பேரும் அழ ஆரம்பித்தால் உன் நைனா சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி. நடுவில் திட்டியிருந்தால் கோபித்துக்கொள்ளாதே, அது என் வழக்கம்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உன்னை அவ்வளவு தூரத்தில் கொடுக்க எனக்கு மனசே இல்லை. மாப்பிள்ளை தங்கமான பையன், அதில் குறை சொல்ல மாட்டேன். நீயும் அவரும் கம்பெனி வேலையில் பழகி, நேராக வந்து எங்களிடம் சொன்ன விதமும் எனக்குப் பிடித்தது. உன் மீன்தொட்டியையும் கூடவே கொண்டுவரலாம் என்று அவர் சொன்னபோது பரவாயில்லையே என்றுகூட நினைத்தேன். ஆனால் பையன் மட்டும் நல்லவனாக இருந்தால் போதுமா? அவர்கள் வீட்டில் அப்பா பேங்க், அம்மா பள்ளிக்கூட டீச்சர். இங்கே உன் நைனா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர், நான் கூடையை வைத்து மீன் விற்கிறவள். நாளைக்கு ஒரு சின்னச் சண்டை வந்து, 'மீன்காரி பொண்ணுதானே' என்று ஒரு வார்த்தை யார் வாயிலிருந்தாவது விழுந்துவிட்டால் நீ அங்கே யாரிடம் போய் நிற்பாய்? நிச்சயதார்த்தத்தன்று காலையிலும் இதே நினைப்புதான் எனக்கு. கடைசி நேரத்தில் ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்தேன். அன்றைக்கு நீ முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாய். உன் முதுகுக்குப் பின்னால் நடந்ததை நீ பார்க்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நான் எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குத் திருப்தி.

அந்தத் தொட்டியை நீ வாங்கி வந்தபோது நான் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். "மீனை வித்துத் துன்றவங்க வூட்ல, மீனை வாங்கி வளக்கறவளை எங்கனா பாத்துக்கிறீங்களா?" என்று ஊரைக் கூட்டினேன். அதுவும் நல்ல தண்ணீர் மீனாக இருந்தாலும் பரவாயில்லை. கடல் மீன், கடல் பவளம். தெருவைத் தாண்டினால் அலை அடிக்கிறது, நீயோ உப்பைப் பையில் வாங்கி, கேன் தண்ணீரில் அளந்து கரைத்துக்கொண்டிருக்கிறாய். நைனாவின் கூட்டாளி கஜா மாமா அதைப் பார்த்துவிட்டு, "இன்னா மாமு, உன் பொண்ணு கடலுக்கே கடலு செஞ்சுகினு கீது" என்று சொல்லிச் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. இந்தக் கரையில் ஆலைத் தண்ணீரும் எண்ணெயும் கலந்து கிடக்கிறது, இதைத் தொட்டியில் ஊற்றினால் எல்லாம் செத்துப்போகும் என்று நீ பொறுமையாக விளக்கினாய். அந்தத் தண்ணீரில்தான் உன் நைனா தினமும் பிழைக்கிறார் என்பதால் எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நீ சொன்னது நிஜம்.

ஒரு மழைக்காலத்தில் புயல் வந்து கரண்டு போனது நினைவிருக்கிறதா? மோட்டார் நின்றுவிட்டது, தண்ணீர் ஓடாவிட்டால் மீனுக்கு மூச்சு முட்டும் என்றாய். பேட்டரியும் தீர்ந்துவிட்டது. சொம்பை எடுத்துத் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்தாய். காலையில் உட்கார்ந்தவள் சாயங்காலம் விளக்கு வரும்வரை எழுந்திருக்கவில்லை. தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து நான்தான் ஊட்டினேன். அன்றைக்கு உன் நைனா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "இவ கை பாத்தியா? ஒரே அளவா ஊத்தறா. துடுப்பு வலிச்சா எவனாலயும் இவகிட்ட நிக்க முடியாது" என்றார். உன்னிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னார். அவர் அப்படித்தான், பாராட்டை வேறு ஆளிடம் கொடுத்தனுப்புவார்.

அதற்குப் பிறகுதான் அவருக்கும் தொட்டிமேல் ஆசை வந்தது. வலையில் பவளத் துண்டு ஒன்று வந்ததென்று ஆசையாகத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். நீ பதறிப்போனாய். "ஐயோ நைனா, கடல் பவளத்தை எடுத்தா கேஸு. உன்னையும் என்னையும் சேத்து உள்ள வச்சிடுவான்" என்றாய். உன்னுடையதெல்லாம் வேறு தொட்டிக்காரர்களிடம் கேட்டு வாங்கிய சின்னச் சின்ன மென்பவளத் துண்டுகள், நீயே கல்லில் ஒட்டி வளர்த்தவை. அவர் அதைத் திருப்பிக் கொண்டுபோய்க் கடலில் போட்டுவிட்டு வந்தார். முகம் வாடிப்போயிருந்தது. கொஞ்ச நாள் கழித்துத் துறைமுகத்துக் கல்லோரம் வலை விட்டபோது விரல் நீளத்தில் ஒரு குட்டி மீன் உயிரோடு மாட்டியிருக்கிறது. தண்ணீர் பாட்டிலில் போட்டு, மடியில் வைத்துக் கொண்டுவந்தார். "இந்தா கண்ணு, உன் தொட்டிக்கு" என்று நீட்டினார். புள்ளி போட்டு, அழகாகத்தான் இருந்தது. நான் பார்த்ததுமே களவாக் குஞ்சு என்று தெரிந்துகொண்டேன். எத்தனை களவாவை அறுத்திருப்பேன்! ஆனால் தொட்டிக்குள் அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருந்தது. நீ ஒரு நொடி பாட்டிலைப் பார்த்தாய், ஒரு நொடி நைனா முகத்தைப் பார்த்தாய். "சூப்பரா கீது நைனா" என்று வாங்கி உள்ளே விட்டாய்.

நாலைந்து மாதத்தில் அது கையளவு வளர்ந்தது. மணலில் குழி பறித்துக்கொண்டிருந்த குட்டி மீனைக் காணோம். பிறகு சிவப்பு இறாலைக் காணோம். பிறகு அந்த நீல மீனையும் காணோம். கடைசியில் மிஞ்சியது, ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட க்ளவுன் ஜோடி ஒன்றுதான். அவை மூலையை விட்டு வெளியே வராமல் ஒண்டிக்கொண்டு கிடந்தன. களவா வளர வளர வாயில் அடங்குகிற மீனையெல்லாம் விழுங்கிவிடும் என்ற உண்மையை அப்போதுதான் நீ என்னிடம் சொன்னாய். "தெரிஞ்சேவாடி உட்ட?" என்று கத்தினேன். "நைனா எனக்குன்னு ஆசையா எடுத்தாந்துச்சு ம்மா. முன்னாடியே ஒரு தபா வாணாம்னு சொல்லிட்டேன். மறுபடியும் எப்டி சொல்றது?" என்றாய். உன் வயதில் நானாக இருந்தால் அப்பாவின் கையிலிருந்ததைப் பார்த்து முகத்தைச் சுளித்திருப்பேன்.

விஷயம் அவர் காதுக்குப் போனது. என் வாய்தான் போட்டுக்கொடுத்தது, வேறு யார்? மனுஷன் அப்படியே சுருங்கிப்போனார். "நான் வச்ச வெனை, நானே எடுக்கறேன்" என்று ஞாயிற்றுக்கிழமை கஜா மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கைவலை, தூண்டில் முள், இறால் துண்டு, என்னென்னவோ. கடலில் எவ்வளவு மீன் பார்த்தவர்கள்! அந்த ஒரு களவா அவர்கள் இரண்டு பேரையும் பேஜாராக்கிவிட்டது. வலை நீரில் இறங்கியதும் கல் இடுக்கில் புகுந்துகொண்டு, செவுளையும் முதுகு முள்ளையும் விரித்து அழுத்திக்கொண்டது. தூண்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலையின் ஓரம் பட்டு உன் பவளத்தில் ஒரு கிளை அறுந்து மிதந்தது. கஜா மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "மாமு, கல்லைத் தூக்கி வெளிய வச்சிட்டா ஒரு நிமிட்டு வேலை" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று தோன்றியது. ஆனால் அந்தக் கல்தான் உன் தொட்டி. ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குப் பவளம் படர்ந்து, எல்லாம் ஒன்றாகப் பின்னிக் கிடந்தது. தூக்கினால் கிழியும், கிழிந்தால் பெங்களூருக்குக் கொண்டுபோக ஒன்றும் இருக்காது. நீ அறுந்த கிளையைக் கையில் எடுத்தாய். கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஆனால் குரல் கொஞ்சமும் மாறாமல், "போதும் நைனா, கை ஊறிப்போச்சு. வாங்க துன்னலாம்" என்றாய்.

மறுநாள் நீ அவரிடம் போய், "நைனா, அறுவாத நூலு ஒண்ணு குடு. நீயே முடிச்சும் போட்டுக் குடு" என்று கேட்டாய். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கில் ஒரு பெட்டி செய்து வைத்திருந்தாய். ஒரு பக்கம் மேலிருந்து கீழே விழுகிற கதவு. கதவை நூல் தூக்கிப் பிடித்திருக்கும், நூலை விட்டால் கதவு விழும். உன் மேசை டிராயரில் நூல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன், ஈஸ்வரி. இருந்தும் அவரிடம் கேட்டாய். அவர் எழுந்து போய் நல்ல வலைநூலாகத் தேடி எடுத்து, கதவு சீக்கிரம் விழட்டும் என்று ஈயக்குண்டும் கட்டப் போனார். "ஈயம் தண்ணிக்கு ஆவாது நைனா, உன் முடிச்சே போதும்" என்று சிரித்தாய். அவர் முகத்தில் உயிர் வந்தது அப்போதுதான். இந்தச் சாமர்த்தியம் உனக்கு யாரிடமிருந்து வந்ததோ, என்னிடமிருந்து இல்லை.

பெட்டியைத் தொட்டிக்குள் வைத்துவிட்டு நீ செய்த காரியம் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. அந்தக் களவாவுக்கு வயிறு முட்ட இறால் போட்டாய். என் கூடையிலிருந்து நல்ல இறாலாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டுபோய்! "கொலைகாரனுக்கு விருந்தா வைக்கற?" என்று கேட்டேன். "வயிறு ரொம்பிட்டா அந்த ஜோடியை உட்டுடும் ம்மா. பசியில உட்டாதான் ஆபத்து" என்றாய். முதலில் பெட்டிக்கு வெளியே போட்டாய். பிறகு வாசலில். பிறகு உள்ளே. தினமும் காலையில் விளக்குப் போட்டதும், வேலைக்குக் கிளம்புவதற்கு முன் இதே வேலை. களவாவைத் தவிர மற்றதெல்லாம் உள்ளே போனது. ஒருநாள் அந்த க்ளவுன் ஜோடி இரண்டும் பெட்டிக்குள் போய் நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தன, களவா வெளியே நின்று வேடிக்கை பார்த்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன், நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு ஒருநாள் அது தலையை நுழைத்தது. "உடுடி நூலை!" என்று கத்தினேன். "வாலு வெளிய கீது ம்மா. இப்ப உட்டா அடிபடும், அப்பறம் ஜென்மத்துக்கும் உள்ள வராது" என்றாய். எத்தனை தடவை அது பாதி உடம்போடு வந்து திரும்பிப் போயிருக்கும்! நீ ஒருநாள்கூட அவசரப்படவில்லை. உன் நைனா வாசலில் வலை கட்டுகிற மாதிரி உட்கார்ந்து உன்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

உனக்குப் புத்தி சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான், அதையும் உன்னைப் பார்த்துத்தான் கற்றேன். அந்த வீட்டில் ஏதாவது ஒத்துவராமல் போனால், என்னை மாதிரி எடுத்ததும் கல்லைத் தூக்கிவிடாதே. நீ உன் மாதிரியே இரு. ஆனால் ஒன்று, பொறுமைக்கும் அளவு உண்டு. பவளம் அறுந்தபோது கண்ணீரை விழுங்கினாய் பார், அதைத் தினமும் செய்யாதே. வலித்தால் வலிக்கிறது என்று சொல். அதற்கும் கேட்காவிட்டால் ரயில் இருக்கிறது, நான் இருக்கிறேன்.

நிச்சயதார்த்தம் நம் வீட்டில்தான் என்று முடிவானதும் தொட்டிமேல் ஒரு போர்வையைப் போட்டு மூடச் சொன்னேன். நீ மறுத்துவிட்டாய். சரி, இன்று ஒருநாள் களவா பட்டினி கிடக்கட்டும் என்றேன். "இன்னிக்குப் பட்டினி போட்டா ஜோடில ஒண்ணு போயிடும்" என்றாய். மாப்பிள்ளை வீட்டார் வந்து பாயில் உட்கார்ந்தாயிற்று. ஹாலில் பூ, பழத்தட்டு, ஐயர், சொந்தக்காரர்கள். நீ அரக்குப் பட்டுப்புடவையில் வந்து எல்லாருக்கும் கும்பிடு போட்டாய். அப்புறம் என்னைப் பார்க்காமலே தொட்டிக்குப் போய், பெட்டிக்குள் இறாலைப் போட்டு, நூலைக் கையில் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாய். எனக்கு உயிரே போய்விட்டது. போச்சு, மானம் கப்பலேறிப் போச்சு என்று சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீ பார்க்காதது இதுதான். மாப்பிள்ளையின் சித்தப்பா, "என்னம்மா பண்றே அங்கே?" என்று எழுந்து வரப் பார்த்தார். உன் மாமியார் கையைத் தூக்கினார், வகுப்பில் பிள்ளைகளை அடக்குகிற மாதிரி. சித்தப்பா அப்படியே உட்கார்ந்தார். பக்கத்தில் வளையலைக் குலுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் மணிக்கட்டை உன் மாமியாரே பிடித்துக்கொண்டார். மந்திரத்துக்குத் தொண்டையைச் செருமிய ஐயரையும் பார்வையாலே நிறுத்தினார். ஹால் முழுக்க மூச்சுச் சத்தம்தான். அந்த அம்மாள் மீனைப் பார்க்கவில்லை, ஈஸ்வரி. உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். களவா வந்தது, வாசலில் நின்றது, திரும்பியது, மறுபடி வந்தது. தலை, உடம்பு, வால். நீ விரலைத் திறந்தாய். கதவு விழுந்தது. ஒரு பவளம்கூட அசையவில்லை.

நீ பெட்டியைத் தூக்கி வாளித் தண்ணீரில் இறக்கியபோது உன் நைனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வாளிக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆரத்தி எடு" என்றார்.

"இன்னாது?" என்றேன்.

"மொத மீனு புடிச்சுக்கீது. ஆரத்தி எடு."

நம் குடும்பத்தில் ஒரு பையன் முதன்முதலாகக் கடலுக்குப் போய்த் தன் கையால் மீன் பிடித்து வந்தால், அந்த மீனை விற்க மாட்டோம். அவனை வாசலில் நிறுத்தி ஆரத்தி எடுப்போம். பொண்ணுக்கு எடுத்ததே இல்லை. பொண்ணு விற்பாள், கழுவுவாள், காயவைப்பாள், பிடிக்க மாட்டாள். நிச்சயம் முடிந்ததும் உங்கள் இரண்டு பேருக்கும் எடுக்க மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தட்டு தயாராக இருந்தது. அதைக் கையில் எடுத்தேன். கஜா மாமாவின் சம்சாரம்தான் என்னோடு சேர்ந்து எடுப்பதாகப் பேச்சு. அவள், "அண்ணே, அது ஆம்பளப் புள்ளைங்களுக்கு எடுக்கறது. சம்மந்தி வூட்டாங்க வேற கீறாங்க" என்று தயங்கி நின்றாள்.

அத்தனை பேர் முன்னாலும் உன் நைனா சொன்னார்: "கடல்ல புடிச்சா இன்னா, கண்ணாடில புடிச்சா இன்னா? என்னால முடியல. என் பொண்ணால முடிஞ்சுது." முதல்முறையாக அவர் பாராட்டு யார் கையும் மாறாமல் நேராக உன்னிடம் வந்தது. நீ தலையைக் குனிந்துகொண்டாய். அதனால் அதற்கப்புறம் நடந்ததையும் நீ சரியாகப் பார்த்திருக்க மாட்டாய்.

நான் தட்டைத் தூக்கிக்கொண்டு தனியாக நின்றேன். ஆரத்திக்கு இரண்டு பேர் வேண்டும். யாரும் நகரவில்லை. உன் மாமியார் பாயை விட்டு எழுந்தார், கொசுவத்தைச் சரிசெய்தார், உன்னை வாசல் பக்கம் திருப்பி நிறுத்தினார். "எங்க வீட்ல இந்த வழக்கம் தெரியாது. எப்படிச் சுத்தணும், சொல்லுங்க" என்று என்னிடம் கேட்டு, தட்டின் மறுபக்கத்தைப் பிடித்தார். நான் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து சுற்றினோம். பொட்டு வைக்க அவர் விரலை ஆரத்தித் தண்ணீரில் தோய்த்தபோது அவர் கண் நிறைந்திருந்தது. என் கண்ணைப் பற்றிக் கேட்காதே.

அந்த நிமிஷம் வரை உன்னைக் கொடுப்பதா வேண்டாமா என்று எனக்குள் முடிவாகவில்லை, கண்ணு. தட்டு மாற்றியது அதற்குப் பிறகுதான்.

உன் அம்மா